பால் பொங்கிய வீட்டின் முன்பணம்

2022 ஜூன் 10, வெள்ளிக்கிழமை, காலை மணி 6.42. மலேசியாவின் பண்டமாரானில் ஒரு வரிசை வீட்டின் ஹாலில் பால் பொங்கியது. பதினொரு பேர் வெறுங்காலோடு சுற்றி நின்றார்கள். மூன்று கைப்பேசிகள் படம் பிடித்தன. பால் கிழக்குப் பக்கம் வழிந்ததில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. அதற்குப் பத்து நிமிடம் முன்புதான், அந்த வீட்டுக்குக் குடிவந்த லோகேஸ்வரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கையெழுத்து அவருடைய 3,250 ரிங்கிட்டைப் பறிக்கப் பார்த்தது.

லோகேஸ்வரிக்கு வயது நாற்பத்து நான்கு. போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் டேலி கிளார்க். கண்டெய்னரிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணுவார். நசுங்கியது, நனைந்தது, கிழிந்தது எல்லாவற்றையும் குறிப்பார். கொண்டு வந்த லோரி ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குவார். பதினேழு ஆண்டுகளாக இதே வேலை. கிடங்கில் புதிதாகச் சேருபவர்களுக்கு அவர் சொல்லும் முதல் வாக்கியம் இது: "உள்ள வரும்போது எழுதாத நசுங்கல் நம்ம நசுங்கல்."

இப்படிப்பட்டவர் தம் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டது எப்படி? அன்று வீட்டு உரிமையாளர் ராதாகிருஷ்ணன் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று வாடகை ஒப்பந்தம். மற்றது வீட்டின் நிலையைக் குறிக்கும் பட்டியல்: தரை, கூரை, சுவர், குழாய், கதவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம். லோகேஸ்வரி பழக்கதோஷத்தில் பேனாவைத் திறந்து ஹாலைச் சுற்றிப் பார்த்தார். தரையில் நான்கு ஓடுகள் உடைந்திருந்தன. கூரையில் சட்டி அளவுக்குத் தண்ணீர்க் கறை. எழுதப் போனார். மாமியார் இராஜம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"பால் காய்ச்சப் போற நேரத்துல ஒடஞ்சது, ஒழுகுதுன்னு எழுதுவியா? நல்ல நாள்ல வீட்டைக் கொற சொல்லக் கூடாது. அப்புறமா எழுதிக்கலாம்."

"அப்புறம்னா எப்ப அத்தை?"

"நாளைக்கு. வீடு எங்க ஓடப் போவுது?"

ராதாகிருஷ்ணனும் சிரித்தார். "அம்மா சொல்றதுதான் கரெக்ட். சைன் மட்டும் பண்ணும்மா. நம்ம ஆளுங்களுக்குள்ள என்ன இருக்கு?"

'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே லோகேஸ்வரி கையெழுத்திட்டார். கட்டங்கள் எல்லாம் காலி. அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

வாடகை மாதம் 1,300 ரிங்கிட். வழக்கப்படி இரண்டு மாத வாடகை பாதுகாப்பு முன்பணம், அரை மாதம் தண்ணீர், மின்சாரத்துக்கான முன்பணம். மொத்தம் 3,250. ஒப்பந்தத்துக்கு அரசு முத்திரை வைக்க வேண்டும் என்று உரிமையாளர் தனியாகவும் கொஞ்சம் வாங்கிக்கொண்டார். இரண்டு ஆண்டுகளில் ஒரு மாத வாடகைகூடத் தாமதமாகவில்லை. 2024 ஏப்ரலில் ராதாகிருஷ்ணன் அழைத்தார். வீட்டை விற்கப் போவதாகவும், ஒப்பந்தம் முடிந்ததும் சாவி வேண்டும் என்றும் சொன்னார். சண்டை ஏதும் இல்லை. லோகேஸ்வரியும் கணவர் வாசுவும் பக்கத்திலேயே வேறு வீடு பார்த்தார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. புது வீட்டுக்கும் முன்பணம் வேண்டும். பழைய வீட்டின் முன்பணமோ சாவி கொடுத்த பிறகுதான் திரும்பும். நடுவில் விழும் பள்ளத்தை நிரப்ப, ஜூன் 26 அன்று லோகேஸ்வரி தம் இரண்டு வளையல்களைக் கிள்ளானில் ஒரு அடகுக் கடையில் வைத்தார். மிகைநேர வேலை பார்த்து, மூன்று ஆண்டு சேர்த்து, யாரிடமும் கேட்காமல் அவரே வாங்கிய வளையல்கள் அவை. சீட்டில் எழுதிய தவணை ஆறு மாதம். டிசம்பர் 26க்குள் மீட்காவிட்டால் ஏலம். வட்டியைக் கட்டித் தவணையைத் தள்ளிப்போட வழி உண்டு. ஆனால் புது வீட்டுக்கு வாடகை கூடுதல். வாசு ஓட்டிப் பிழைக்கும் லோரி அந்த ஜூலை முழுக்கப் பட்டறையில் கிடந்தது. "டெப்போசிட் பதினாலு நாள்ல வந்துரும். உடனே மீட்டுரலாம்" என்று வாசுவிடம் சொல்லியிருந்தார். ஒப்பந்தத்திலும் பதினான்கு நாள் என்றுதான் இருந்தது.

ஜூன் 30 அன்று வீட்டைக் கழுவித் துடைத்துச் சாவி கொடுத்தார்கள். பதினான்கு நாள் போனது. வாட்சாப்பில் நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. ஜூலை 20, சனிக்கிழமை, இருவரும் பிரிக்பீல்ட்ஸில் ராதாகிருஷ்ணன் வசிக்கும் அடுக்குமாடிக்கே போய்விட்டார்கள்.

"வாம்மா, வாங்க தம்பி. டீ குடிங்க."

"டீ வேணாம் அங்கிள். டெப்போசிட் விஷயமா வந்தோம்."

"அதான்லா, லிஸ்ட் போட்டு வெச்சிருக்கேன்." தட்டச்சு செய்த தாள் ஒன்று வந்தது. தரை ஓடுகள் மாற்ற 1,150. கூரை பழுதுபார்க்க 900. வீடு முழுக்கச் சாயம் அடிக்க 1,200.

வாசு விரல்விட்டுக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். "அங்கிள், எப்படிலா இது டெப்போசிட்டுக்கே கரெக்டா வந்து நிக்குது? அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி இருக்கே!"

"டேமேஜுக்குத் தகுந்த காசு தம்பி."

"ஓடு நாங்க வரும்போதே ஒடஞ்சிருந்துச்சு அங்கிள். உங்களுக்கே தெரியும்" என்றார் லோகேஸ்வரி.

ராதாகிருஷ்ணன் கோபப்படவில்லை. உள்ளே போய்க் கோப்பை எடுத்து வந்து, காலிக் கட்டங்களுக்குக் கீழே இருந்த கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "இது யாரும்மா போட்டது? நீயும் எனக்கு மக மாதிரிதான். ஆனா பேப்பர் பேப்பர்தானே?"

ரயிலில் கிள்ளானுக்குத் திரும்பினார்கள். இறங்கியதும் வாசு ஆரம்பித்தார். "கண்டெய்னர்ல ஒரு பிஸ்கட் டின் நசுங்கினாக்கூட நாலு பக்கம் போட்டோ எடுக்கற. குடியிருக்கற வீட்டுக்கு வெத்துப் பேப்பர்ல சைன் பண்ணியிருக்க."

"உங்கம்மாதான் கையப் புடிச்சாங்க."

"எங்கம்மா கையத்தான் புடிச்சாங்க. பேனாவ நீதானே புடிச்சிருந்த?"



மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் வரப்போகிறது என்பது பல ஆண்டுப் பேச்சு. லோகேஸ்வரியின் ஜூலை மாதத்தில் அது வந்திருக்கவில்லை. அதனால் பலரும் முன்பணத்தை உரிமையாளர் மனசு வைத்தால் கிடைக்கிற காசாகவே நினைத்துக்கொள்கிறார்கள். கிடங்கில் உடன் வேலை செய்பவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்: "விடுலா, யாருக்குத்தான் முழுசா திரும்பியிருக்கு?" லோகேஸ்வரி விடவில்லை. ஒப்பந்தத்தை முதன்முறையாக முழுதாகப் படித்தார். முன்பணம் வாடகைக்காரரின் பணம். உரிமையாளர் அதை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். குடியிருந்தவர் செய்த சேதத்துக்கு மட்டுமே கழிக்கலாம்; புழங்கியதால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குக் கழிக்க முடியாது. கழித்தது போக மீதியைப் பதினான்கு நாளில் திருப்ப வேண்டும். ராதாகிருஷ்ணனும் கையெழுத்திட்டிருந்த தாள்தான் அது. பேப்பர் பேப்பர்தானே?

மதிய உணவு நேரத்தில் கிள்ளான் நீதிமன்றத்துக்குப் போய் முகப்பிடத்தில் விசாரித்தார். சிறு வழக்குப் பிரிவு இருக்கிறது, ஐயாயிரம் ரிங்கிட் வரையிலான தொகைக்கு வழக்குப் போடலாம், பாரம் 198 என்ற படிவத்தை நிரப்பினால் போதும், இரு தரப்பிலும் வழக்கறிஞர் வாதாட முடியாது என்றார்கள். கடைசித் தகவல் அவருக்குப் பிடித்திருந்தது. முகப்பிடத்தில் இருந்த பெண் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு மலாயில் கேட்டார்: "அக்கா, இதில் முத்திரை எங்கே?"

இல்லை. முத்திரைக்கென்று வாங்கிய காசு முத்திரையாக மாறவே இல்லை. முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. லோகேஸ்வரி ஒரு நாள் விடுப்பு எடுத்து, முத்திரை வரியையும் வாங்கும் வருமான வரி வாரியத்தில் தாமத அபராதத்தோடு தாமே கட்டி முத்திரை வாங்கினார். ரசீதைக் கோப்பில் வைத்தார். ஆகஸ்டு மத்தியில் வழக்குப் பதிவானது. அக்டோபரில் முதல் விசாரணை; ராதாகிருஷ்ணன் உடல்நலமில்லை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த தேதி நவம்பர் 21.

கோப்பு தடித்துக்கொண்டே வந்தாலும் உள்ளே ஓர் ஓட்டை இருந்தது. ஓடு முன்பே உடைந்திருந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. லோகேஸ்வரியின் பழைய கைப்பேசி துறைமுகத்தில் விழுந்து நொறுங்கி ஓராண்டு ஆகியிருந்தது. வாசு வாட்சாப்பை மாதம் ஒருமுறை துடைத்துவிடுபவர்.

தீபாவளிக்கு மறுநாள், முறுக்கு டின்னைத் திறந்துகொண்டிருந்த இராஜம்மா திடீரென்று தம் இடது காலைத் தூக்கிக் காட்டினார். "இந்தத் தழும்பு என்னா தெரியுமா? அந்த ஓடுதான் கீறிச்சு. பால் காய்ச்சின அன்னிக்கு."

லோகேஸ்வரி முறுக்கைக் கீழே வைத்தார். "அன்னிக்கேவா அத்தை?"

"அன்னிக்கேதான். எல்லாரும் செருப்பில்லாம நின்னோம்ல? ரத்தம் வந்துச்சு, மஞ்சள் வெச்சேன். மலர்கூடக் கத்துனாளே, படம் புடிச்சிக்கிட்டே."

வாசுவின் தங்கை மலர் அம்பாங்கில் இருக்கிறார். பல் மருத்துவ நிலையம் ஒன்றில் முகப்பிட வேலை. அவருடைய கைப்பேசியில் இடமே கிடையாது. புதிதாக எதையும் பதிவிறக்க முடியாது. காரணம், பழையதில் எதையும் அவர் அழிப்பதில்லை. குடும்பத்தில் அது நெடுநாள் கேலி. லோகேஸ்வரி அழைத்தார்.

"மலர், அந்தப் பால் காய்ச்சின வீடியோ இருக்கா?"

"இருக்கும் அண்ணி. நாப்பத்தோராயிரம் படத்துல எங்கயோ இருக்கும்."

"தேடு."

"இப்பத்தான் எல்லாருக்கும் என் போனோட அருமை தெரியுது, இல்ல?"

அரை மணி நேரத்தில் வந்து விழுந்தது. மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. முதல் இரண்டு நிமிடம் பானைதான். பால் பொங்குகிறது, "பொங்கிருச்சு, பொங்கிருச்சு" என்று கூச்சல். பிறகு இராஜம்மா "ஆ!" என்கிறார். படம் ஆடிக் கீழே இறங்குகிறது. உடைந்த ஓடு, அதன் விளிம்பில் ஒரு குங்குமப் பொட்டு அளவு ரத்தம். மலரின் குரல்: "ஐயோ, இங்க டைல்ஸ் ஒடஞ்சிருக்கு! யாரும் மிதிக்காதீங்க!" உடனே ஓர் ஆணின் குரல்: "கால் பத்திரம்மா. அது முன்னமே ஒடஞ்சதுதான், பழைய ஆளு இருந்தப்பவே." படம் மேலே போகிறது. பேசியவர் ராதாகிருஷ்ணன். கையில் பால் டம்ளர். தலைக்கு நேர் மேலே, கூரையில், சட்டி அளவுக்குத் தண்ணீர்க் கறை.

வீட்டு உரிமையாளரைப் பால் காய்ச்சுவதற்கு அழைப்பது மரியாதை. அவரை அழைக்கச் சொன்னதும் இராஜம்மாதான்.

லோகேஸ்வரி அதை ஏழு முறை பார்த்தார். எட்டாவது முறை இராஜம்மா கேட்டார்: "போதும், பேட்டரி போயிரும். காசு வருமா, வராதா?"

நவம்பர் 21 காலை ராதாகிருஷ்ணன் டை கட்டிய ஒருவரோடு நீதிமன்றத்துக்கு வந்தார். வழக்கறிஞரான மருமகன். மாமனாரோடு உள்ளே நுழையப் பார்த்தவரை வாசலில் இருந்த அதிகாரி நிறுத்தினார். இந்தப் பிரிவில் வழக்கறிஞருக்கு இடமில்லை. அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்து நாற்காலியில் வாசு. "டீ குடிக்கிறீங்களா பாஸ்?" என்று வாசு கேட்டதாக அவரே பெருமையாகச் சொல்கிறார்.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். விசாரணை மலாயில் நடந்தது. ராதாகிருஷ்ணன் கையெழுத்திட்ட பட்டியலை எடுத்துக் கொடுத்தார். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். மாஜிஸ்திரேட் லோகேஸ்வரியைப் பார்த்தார். இது உங்கள் கையெழுத்தா?

"ஆமாம்" என்றார் லோகேஸ்வரி. ஏன் எழுதாமல் கையெழுத்திட்டார் என்பதையும் சொன்னார். பால் பொங்கும் நேரத்தில் வீட்டின் குறையைச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை மலாயில் விளக்குவது எளிதாக இல்லை. மாஜிஸ்திரேட் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு படம் ஓடியது. அதை எடுத்த மலர், தேதியையும் இடத்தையும் சொல்லிச் சாட்சியம் தந்தார். ராதாகிருஷ்ணனின் குரல் அறை முழுக்கக் கேட்டது. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், தினமும் நூறு பேருடைய சொற்களைக் கடத்தும் அதே சலிப்பான குரலில், அந்த வாக்கியத்தை மலாயில் திருப்பிச் சொன்னார். மாஜிஸ்திரேட் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரும் இன்னொரு முறை சொன்னார்.

படத்தில் இருப்பவர் நீங்கள்தானே?

ராதாகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆமாம் என்றார்.

ஓடு முடிந்தது. கூரையும் முடிந்தது. சாயத்துக்கு வந்தபோது லோகேஸ்வரி எதிர்பாராத ஒன்றைச் செய்தார். யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து, சாமி மேடைக்கு மேலே ஒரு சுவர் கறுத்திருந்தது உண்மை, அது தாம் போட்ட சாம்பிராணி, அதற்குத் தாம் பொறுப்பு என்றார். வெளியே வந்ததும் மலர் தலையில் அடித்துக்கொண்டார்: "யாரும் கேக்கவே இல்லையே அண்ணி!" கிடங்கில் அவர் செய்வதும் இதுதான். வரும்போது இருந்த நசுங்கல் லோரிக்காரர் கணக்கு. இறக்கும்போது விழுந்த நசுங்கல் கிடங்கின் கணக்கு. இரண்டையும் ஒரே பேனாவால் எழுதுபவர் அவர்.

தீர்ப்பு அன்றே வந்தது. இரண்டு ஆண்டு குடியிருந்த வீட்டில் சாயம் மங்குவது சாதாரணத் தேய்மானம். அதை வாடகைக்காரர் தலையில் கட்ட முடியாது. ஒரு சுவருக்கு மட்டும் 180 ரிங்கிட் கழியும். மீதி 3,070ஐ உரிமையாளர் மூன்று வாரத்தில் திருப்ப வேண்டும்.

நடைபாதையில் ராதாகிருஷ்ணன் அவர்கள் அருகே வந்தார். "என்னையே எனக்கு எதிரா சாட்சியாக் கொண்டாந்துட்டியேம்மா."

"நாங்க கொண்டாரல அங்கிள். நீங்களாத்தான் வந்தீங்க. நாங்க பால்தான் கொடுத்தோம்."

அவர் சிரித்துவிட்டார். மருமகன் சிரிக்கவில்லை.

டிசம்பர் 11 அன்று பணம் வங்கிக் கணக்கில் விழுந்தது. வட்டிக்குக் கொஞ்சம் கைக்காசைச் சேர்த்து, 13ஆம் தேதி, தவணைக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது, லோகேஸ்வரி வளையல்களை மீட்டார். கடை முகப்பிலேயே போட்டுக்கொண்டார். பேருந்தில் வரும்போது கம்பியை வளையல் போட்ட கையால்தான் பிடித்தாராம். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்கட்டும் என்று.

பண்டமாரானில் செய்தி பரவக் கோயில் ஒன்றும் பாசார் என்கிற சந்தை ஒன்றும் போதும். பொங்கலுக்குள் வீட்டுக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது. சிலரிடம் ஒப்பந்தமே இல்லை. சிலரிடம் முத்திரை இல்லை. பெரும்பாலோரிடம் வெற்றுப் பட்டியலில் கையெழுத்து இருந்தது. நல்ல நாளில் குறை எழுதாத குடும்பம் அவருடையது மட்டும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேருக்குப் பாரம் 198ஐ நிரப்ப உதவினார். ஒருவருக்கு வழக்குப் போடாமலேயே பணம் திரும்பியது. லோகேஸ்வரி எழுதித் தந்த கடிதமே போதுமாயிருந்தது.

ஆனால் நடந்து முடிந்த பிறகு ஓடுவதைவிட, உள்ளே வரும்போதே எழுதிவிடுவதுதான் அவருக்குப் பிடித்த வேலை. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். குடிபோகிறவர்கள் அவரையும் பால் காய்ச்ச அழைக்கிறார்கள். அரை மணி முன்னதாகவே போகிறார். ஒரு சொல் பேசாமல், ஒவ்வோர் அறையாக, தரை, கூரை, குழாய், கதவு என்று கைப்பேசியில் பிடிக்கிறார். பால் பொங்கி, எல்லாரும் குடித்த பிறகு, பட்டியலின் கட்டங்களை நிரப்பி, உரிமையாளரின் கையெழுத்தையும் வாங்கித் தருகிறார். குறை சொன்னதாகவும் ஆகாது, விட்டதாகவும் ஆகாது.

"வாயால சொன்னாத்தானே அபசகுனம்? கேமராவுக்கு ஏது வாய்?" இதைச் சொல்வது இராஜம்மா. இப்போது மருமகளுக்கு முன்னால் கிளம்பி நிற்பவரும் அவர்தான். டார்ச் லைட் அவர் கையில். சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்க்க முடியாதே தவிர, அங்கே வெளிச்சம் அடிக்க அவரால் முடியும்.

உரிமையாளர்கள் முகம் சுளிப்பது உண்டு. ஒருவர் கேட்டார்: "என்னக்கா, என் வீட்டை போலீஸ் மாதிரி செக் பண்றீங்க?" லோகேஸ்வரி பேனாவை அவரிடம் நீட்டினார். "உங்களுக்கும் நல்லதுதான் அண்ணே. போகும்போது புதுசா ஒடஞ்சிருந்தா, நானே உங்க பக்கம் சாட்சி சொல்றேன்." அவர் கையெழுத்துப் போட்டார். இதுவரை பத்தொன்பது வீடுகள். கூலி வாங்குவதில்லை, ஒரு டம்ளர் பால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தாமான் செந்தோசாவில் அனுப்பிரியா என்ற மருத்துவமனைத் தாதி குடிபோகிறார். பால் காய்ச்சும் நேரம் காலை மணி 6.30. லோகேஸ்வரியும் இராஜம்மாவும் ஆறு மணிக்கே அங்கே இருப்பார்கள்.